அதிகாரத்துக்கு எத்தனை கைகள்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் டிஸ்டோபியா கதை, அதாவது அடக்குமுறையில் சிக்கிய கற்பனைச் சமூகத்தின் கதை, எழுதிக்கொண்டிருப்பவர்களுடையவை. மற்றவை படிப்பவர்களுடையவை. கலந்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: டிஸ்டோபியா என்ற சொல் எப்போது வந்தது? எதிர்காலம் மோசமாக இருந்தாலே அது டிஸ்டோபியாவா?

ப: 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசின் அயர்லாந்துக் கொள்கையை வாங்கு வாங்கென்று வாங்கினார் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். இவர்களை யுட்டோபியர்கள் என்று சொல்வதுகூடப் புகழ்ச்சியாகிவிடும், நடைமுறைக்கு ஒத்துவராத அளவுக்கு நல்லதைத்தான் யுட்டோபியா என்போம், இவர்கள் விரும்புவதோ நடைமுறைக்கு ஒத்துவராத அளவுக்குக் கெட்டது என்பது அவர் வாதம். அந்தப் பேச்சில்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

இரண்டாவது கேள்விக்கு: இல்லை. விண்கல் விழுந்து ஊர் அழிந்தால் அது பேரழிவுக் கதை. மிச்சமிருக்கும் தண்ணீருக்கு ஒருவன் வரிசை கட்டி, வரிசைக்குச் சீட்டு கொடுத்து, சீட்டில் முத்திரை குத்த ஆரம்பித்தால் அங்கே டிஸ்டோபியா தொடங்குகிறது.

கே: என் நாவலின் சர்வாதிகாரி மகா கொடூரமானவர். ஆனால் படித்த நண்பர்கள் யாருக்கும் பயமே வரவில்லையாம். எங்கே தப்பு?

ப: சர்வாதிகாரியை மேடையிலிருந்து கொஞ்ச நேரம் இறக்கிவிடுங்கள். அவர் ரொம்ப தூரத்தில் இருக்கிறார். வாசகருக்குப் பயம் வருவது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அடுத்த ஆள்" என்கிற குமாஸ்தாவிடம்தான்.

உங்கள் உலகத்தில் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டு குடையுங்கள். இதை நடத்துவது யாருடைய கை? அந்தக் கைக்கு என்ன கூலி? இதை மீறாமல் ஒரு நாளாவது வாழ முடியுமா? மீறியதைப் பார்த்தவர் போய்ச் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? தண்டனை மீறியவரோடு நிற்குமா, வீட்டாருக்கும் போகுமா? ஐந்துக்கும் உங்களிடம் பதில் இருந்தால் சர்வாதிகாரி கடைசிப் பக்கம்வரை வராமலே போனாலும் நஷ்டமில்லை.

'ஹங்கர் கேம்ஸ்' (2008) நாவலில், தலைநகரம் வருடா வருடம் குலுக்கலில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சாகும்வரை மோதவிடுகிறது. அதில் சண்டைக் காட்சிகளைவிட நுட்பமாகச் செய்யப்பட்டது அந்தக் குலுக்கல் சீட்டு. 12 வயதில் உன் பெயரில் ஒரு சீட்டு, 13இல் இரண்டு, இப்படியே 18இல் ஏழு. பசிக்கிற வீட்டுப் பிள்ளை கூடுதல் சீட்டு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் அரைகுறை அளவில் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு. போட்ட சீட்டு வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாயகி காட்னிஸ், தங்கை, அம்மா என்று மூன்று பேர். 12இலிருந்து 16வரை ஐந்து வருடம். வயதுக்கு 5, பசிக்கு 15, ஆக 20. அவள் நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர், அவனுக்கு வயது 18. வயதுக்கு 7, பசிக்கு 35, ஆக 42. மேயர் மகளைப் பார்த்து அவன் எரிந்து விழுகிறான்: உனக்கு என்ன, ஐந்து சீட்டு இருக்குமா? எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஆறு.

இந்தச் சீட்டு செய்யும் வேலைகளைப் பாருங்கள். ஏழையைக் கூடுதலாகக் கொல்கிறது. அதற்கு அவனிடமே கையெழுத்து வாங்கிக்கொள்கிறது, அதனால் "நீயாகத்தானே போட்டாய்" என்று சொல்ல முடிகிறது. கேலின் கோபத்தைத் தலைநகரத்தின் பக்கம் போகவிடாமல் பக்கத்துத் தெருப் பெண்மேல் திருப்பிவிடுகிறது. அத்தனைக்கும் ஒரு சிப்பாய்கூடத் தேவைப்படவில்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். 'சிரிக்கத் தடை', 'நீல நிறத்துக்குத் தடை' என்றெல்லாம் விதி போடுகிறார்கள். சிரிக்கக் கூடாது என்பதால் யாருக்கு லாபம்? யாருக்கும் ஒரு பங்கும் தராத விதியைக் காவல்காக்க ஆள் கிடைக்காது. வாசகர் அதைச் சொல்லத் தெரியாமல் "பயம் வரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

கே: முதல் அத்தியாயத்தின் முதல் வரியை அனுப்புகிறேன். "கொடுங்கோல் ஆட்சியின் கீழ் மக்கள் ஒவ்வொரு நொடியும் அஞ்சி அஞ்சி வாழ்ந்துகொண்டிருந்தனர்." திருத்தித் தர முடியுமா?

ப: திருத்த இதில் ஒன்றும் இல்லை, வேறு எழுத வேண்டும். இப்படி வைத்துப் பாருங்கள்: "குழாயடியில் மூன்றாவது ஆள் வந்து நின்றதும் பேச்சு மழைக்குத் தாவியது."

அஞ்சினார்கள் என்று சொல்லவே இல்லை. இரண்டு பேர் இருந்தால் பேசலாம், மூன்று பேர் ஆனால் ஆபத்து என்று ஒரு விதி தெரிகிறது. மழையைப் பற்றிப் பேசுவது பாதுகாப்பு என்று எல்லோருக்கும் பழகிவிட்டதும் தெரிகிறது. அடுத்த வரியில் ஒருவர் மழையைப் பற்றியே பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு நின்றால் உங்கள் கதை தொடங்கிவிட்டது.

கே: நாயகன் 'தேர்ந்தெடுக்கப்பட்டவன்' என்று வைக்கலாமா? தீர்க்கதரிசனம், மச்சம் இப்படி?

ப: வைத்தால் மற்ற எல்லோரும் வேடிக்கை பார்க்கலாம் என்று ஆகிவிடும். ஆள்பவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

கே: என் கதையில் 10 லட்சம் பேர் வாழும் நகரம். ஒவ்வொருவரையும் அரசு 24 மணி நேரமும் கேமராவில் பார்க்கிறது. "நம்ப முடியவில்லை" என்கிறார் என் தம்பி. அவர் சொல்வது சரியா?

ப: தம்பி கணக்கில் கெட்டி. ஒரு நாற்காலியில் இடைவிடாமல் ஆள் இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால் மூன்றரைப் பேர், விடுப்பு, காய்ச்சலெல்லாம் சேர்த்தால் நான்கு பேர். ஒருவர் ஒரே நேரத்தில் பத்துத் திரையைப் பார்க்கிறார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் நாற்காலி, நான்கு லட்சம் கண்காணிப்பாளர்கள். குழந்தைகளையும் கிழவர்களையும் கழித்தால் உங்கள் நகரத்தில் வேறு வேலை பார்க்க ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் அதன் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். ஏறக்குறைய 180 பேருக்கு ஓர் ஊழியர். அதுவே உலகம் கண்ட மிக அடர்த்தியான உளவு அமைப்புகளில் ஒன்று. அப்படியும் போதாமல் சுமார் 1,80,000 பேரைச் சம்பளப் பட்டியலுக்கு வெளியே தகவல் சொல்பவர்களாக வைத்திருந்தார்கள்: உடன் வேலை பார்ப்பவர், பாட்டுக் குழுவில் பக்கத்தில் நிற்பவர், சிலருக்குக் கணவரே.

ஆகவே எல்லோரையும் பார்க்காதீர்கள். எப்போது பார்க்கிறார்கள் என்று தெரியாமல் வைத்திருங்கள். ஆர்வெலின் '1984' நாவலில் வீட்டுச் சுவரிலிருந்தே ஆளைப் பார்க்கும் டெலிஸ்கிரீன் செய்வது அதுதான். அந்த நேரத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று நாயகன் வின்ஸ்டனுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் அவனே தன் முகத்தைக் காவல்காக்கிறான். சம்பளமில்லாத கண்காணிப்பாளர்.

"ஆள் எதற்கு, கணினியே பார்த்துவிடும்" என்று தம்பி அடுத்து சொல்வார். சொல்லட்டும். அந்தக் கணினி ஆயிரத்தில் ஒருவரைத்தான் ஒரு நாளில் தவறாகச் சந்தேகிக்கிறது என்று வைப்போம். பத்து லட்சத்தில் தினம் ஆயிரம் நிரபராதிகள். இவர்களை விசாரிப்பது யார்? விசாரிக்க நேரமில்லாத அதிகாரி பட்டியலை அப்படியே கைதுப் பட்டியலாக்குவாரா, மேலிருந்து பத்துப் பேரை மட்டும் எடுப்பாரா, காசு கொடுத்தவரை அடிப்பாரா? நகரத்தை விட்டுவிட்டு அந்த அதிகாரியின் மேஜைக்குப் போங்கள். நாவல் அங்கே காத்திருக்கிறது.

கே: '1984'இல் ஆர்வெல் சொன்னது பலித்ததா, 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் ஹக்ஸ்லி சொன்னதா?

ப: இருவரும் ஜோசியம் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு வருடா வருடம் பட்டிமன்றம் நடக்கிறது. நடுவராக இருக்க எங்களுக்கு விருப்பமில்லை.

கே: கதையில் மாணவர்கள் ரகசியமாகத் துண்டறிக்கை அச்சடிக்கிறார்கள். இணையம் இல்லாத உலகம். எத்தனை பிரதி போடலாம்? எப்படி மாட்டுவார்கள்?

ப: இப்படிக் கேட்பவர்கள்தான் உருப்படியாக எழுதுவார்கள். கருவியைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், மாட்டுகிற விதமும் மாறும்.

தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து அடித்தால், மெல்லிய தாளில் நான்கைந்து பிரதி தெளிவாக வரும். அதற்கு மேல் கடைசிப் பிரதி புகைபோல இருக்கும். சோவியத் நாட்டில் தடைசெய்யப்பட்ட எழுத்து இப்படித்தான் கை மாறியது: கிடைத்தவர் தானும் ஐந்து அடித்து ஐந்து பேருக்குக் கொடுப்பார். யாருக்கு எத்தனையாவது பிரதி கிடைக்கிறது என்பதே கதையில் ஒரு அந்தஸ்து ஆகலாம். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு கைரேகை உண்டு. ஓர் எழுத்தின் வால் உடைந்திருக்கும், இன்னொன்று அரை நூல் மேலே ஏறி நிற்கும். ருமேனியாவில் 1983இல் போட்ட ஆணைப்படி, தட்டச்சுப் பொறி வைத்திருப்பவர் காவல் துறையில் பதிவு செய்து எழுத்து மாதிரியும் கொடுக்க வேண்டும். துண்டறிக்கை கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள்.

ஹெக்டோகிராஃப் இன்னும் நல்ல கதைப்பொருள். ஜெலட்டினையும் கிளிசரினையும் காய்ச்சி ஒரு தட்டையான தட்டில் ஊற்றி உறைய விட வேண்டும். அனிலீன் மையால் எழுதிய மூலத்தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினால் மை ஜெல்லில் இறங்கும். பிறகு வெற்றுத் தாளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கலாம். ஐம்பது பிரதி வந்தால் அதிகம், போகப் போக மங்கும். அச்சகம் வேண்டாம், சத்தம் கிடையாது, சமையலறை போதும். ஆனால் அந்த ஊதா மை விரலில் ஒட்டினால் லேசில் போகாது. காலையில் வகுப்பில் ஆசிரியர் "எல்லோரும் கையை நீட்டுங்கள்" என்று சொல்லும் காட்சியை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் மெழுகு ஸ்டென்சில் வைத்து உருட்டும் பொறி. அதற்குத் தாள் கட்டுக் கட்டாக வேண்டும். தாளை யார் வாங்கினார், எந்தக் கடையில், ஏன் இவ்வளவு என்று கேள்வி வரும். ரகசியக் குழுக்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி சில்லறை விஷயங்கள்தான். வீர உரைகளோடு வரும் துரோகி அடுத்தபடி.

கே: வில்லனுக்கு வசனம் எழுதும்போது கார்ட்டூன் மாதிரி ஆகிவிடுகிறது.

ப: அவர் வாதத்தில் நான்கு பங்கு வைத்தால் மூன்று உண்மையாக இருக்கட்டும். நான்காவதில் விஷம் இருக்கட்டும். புத்தகம் எரிப்பதே தீயணைப்புத் துறையின் வேலையாகிவிட்ட 'ஃபாரன்ஹீட் 451'இல் (1953) தீயணைப்புத் தலைவர் பீட்டி பேசுவதைக் கவனியுங்கள். புத்தக எரிப்பு அரசாங்கத்திலிருந்து கீழே வந்ததில்லை என்கிறார் அவர். மக்களே சுருக்கத்தைக் கேட்டார்கள், ஒவ்வொரு கூட்டமும் தன் மனம் புண்படக் கூடாது என்றது, நாங்கள் கடைசியில் வந்து தீயை வைத்தோம், அவ்வளவுதான். படிக்கிறவர் தலையாட்டிவிட்டு, பாதியில் திடுக்கிட்டு நிறுத்துவார். '1984'இல் வின்ஸ்டனைச் சித்திரவதை செய்யும் அதிகாரி ஓ'பிரையன், அதிகாரம் அதிகாரத்துக்காகவே என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அது புகழ்பெற்ற பேச்சுதான். ஆனால் அதைப் பார்த்து எழுதுவது ஆபத்து. நிஜத்தில் எந்த அதிகாரியும் தன்னிடம்கூட அப்படி ஒப்புக்கொள்ள மாட்டார். ஒழுங்கு, பாதுகாப்பு, பிள்ளைகளின் எதிர்காலம் என்றுதான் பேசுவார், நம்பியும் பேசுவார்.

கே: கூட்டம் பொங்கி எழும் காட்சி. எல்லோரும் பயந்தவர்கள். பிறகு திடீரென்று எப்படி எழுகிறார்கள்? அந்த 'திடீர்' எழுத வரவில்லை.

ப: சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் ஒரு சின்னக் கணக்கு சொன்னார். நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவர் யாரும் சேராவிட்டாலும் கல்லை எடுப்பார். இரண்டாமவர் ஒருவர் எடுத்தால் எடுப்பார், மூன்றாமவர் இரண்டு பேர் எடுத்தால், இப்படியே நூறாவது ஆள்வரை. முதல் கல் விழுந்ததும் நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஒருவரை மாற்றுங்கள்: 'ஒருவர் எடுத்தால் நானும்' என்றவரை எடுத்துவிட்டு 'இரண்டு பேர் எடுத்தால்தான்' என்பவரை நிறுத்துங்கள். முதல் ஆள் கல்லோடு தனியாக நிற்பார். மற்ற 99 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த நாள் செய்தி 'ஒரு பைத்தியக்காரர் கைது' என்று வரும். கூட்டத்தின் மனசு இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் காட்சிக்கு வேண்டியவர் அந்த இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு இழக்க ஒன்றும் இல்லை, அவரை எழுதுவது சுலபம். இரண்டாவது ஆளுக்கு வேலை இருக்கும், வீடு இருக்கும். அவர் ஏன் அசைந்தார்? முதல் ஆள் அவருக்குத் தெரிந்தவராக இருக்கலாம். வெயிலில் மூன்று மணி நேரம் நிற்க வைத்த எரிச்சலாகவும் இருக்கலாம். காரணம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

ருமேனியத் தலைநகர் புகாரெஸ்ட், 1989 டிசம்பர் 21. அரண்மனைச் சதுக்கத்தில் கூட்டம், பால்கனியில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு. வந்திருந்தவர்கள் எதிரிகள் கிடையாது. தொழிற்சாலைகளிலிருந்து கொடியும் படமும் கொடுத்து அழைத்து வரப்பட்டவர்கள். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. பேச்சின் நடுவே கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒரு கூச்சல். அவர் பேச்சை நிறுத்துகிறார், கையைத் தூக்குகிறார், தொலைபேசி இணைப்பு அறுந்துபோனவர் மாதிரி "அலோ, அலோ" என்று மைக்கில் சொல்கிறார். ஒளிபரப்பு சற்று நேரம் அறுகிறது. திரும்பி வந்து சம்பளம் கூட்டித் தருகிறேன் என்கிறார். அந்த 'அலோ'வை நாடே பார்த்துவிட்டது. மறுநாள் ராணுவம் பக்கம் மாறியது, அவர் கட்டடத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். நான்காம் நாள் சுடப்பட்டார்.

எழுதும்போது கேமராவை உயரத்தில் வைக்காதீர்கள். 'மக்கள் வெள்ளம்' என்ற சொல்லை ஒரு முறைகூட எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் எத்தனையாவது ஆளாக அசைவார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். துப்பாக்கி பிடித்திருக்கும் பையனுக்கும் ஒரு எண் போடுங்கள். அவனும் பக்கத்துச் சிப்பாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்ஜிக் நகரில் ஆட்சியை எதிர்த்து சுமார் 70,000 பேர் நடந்தார்கள். ஆயுதத்தோடு படைகள் தயாராக இருந்தன. சுடவில்லை.

கே: காட்டிக்கொடுப்பவரைக் கெட்டவராகத்தான் காட்ட வேண்டுமா?

ப: கெட்டவராகக் காட்டினால் வாசகர் தப்பித்துக்கொள்வார், 'நான் அப்படி இல்லை' என்று. '1984'இல் வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸ் தூக்கத்தில் தலைவரை எதிர்த்து உளறுகிறார். சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்டுப் போய்ச் சொன்னவள் அவருடைய ஏழு வயது மகள். சிறையில் அவர் அழவில்லை. "சுட்டிப் பெண்" என்று பெருமைப்படுகிறார். இதைவிடக் குளிர் அடிக்கும் இடம் அந்த நாவலில் குறைவு.

இன்னொரு வகையும் உண்டு. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்காமலே நடப்பது. 'ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலில் ஒரே நாளில் பெண்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்படுகின்றன. வேலையும் போகிறது. பணம் கணவன் கைக்கோ நெருங்கிய ஆண் உறவினர் கைக்கோ மாறலாம். கதைசொல்லியின் கணவன் நல்லவன்தான். "நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். அவளுக்கு உறைக்கிறது: இவனுக்கு இது பெரிதாக வருத்தமில்லை. அவன் எந்தச் சட்டத்தையும் எழுதவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் அவனுக்கு ஒரு சின்னப் பங்கு வந்து சேர்ந்துவிட்டது, கேட்காமலே. அடக்குமுறை எப்படி நீடிக்கிறது என்பதற்கு அந்த ஒன்றிரண்டு பக்கம் போதும்.

அந்த நாவலில் மார்கரெட் அட்வுட் வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டையும் சொல்லிவிடுவோம்: வரலாற்றில் எங்காவது, எப்போதாவது நடக்காத எதையும் சேர்ப்பதில்லை. நல்ல கட்டுப்பாடு. அதற்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு நேர்ந்ததை எடுத்து, அவர்களைக் கதையிலிருந்து வெளியேற்றிவிட்டு வெள்ளைப் பெண்ணுக்கு நேர்வதாக எழுதிவிட்டார் என்ற விமர்சனம் அதன்மேல் இன்றும் நிற்கிறது. வரலாற்றிலிருந்து எடுக்கும்போது யாருடைய வலியை எடுக்கிறோம், அவர்கள் கதையில் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

கே: என் கதையில் அரசு உருவாக்கிய புதுச் சொற்கள் அறுபது இருக்கின்றன. பின்னால் அகராதி சேர்க்கலாமா?

ப: அறுபதில் ஐம்பதை வெட்டுங்கள், அகராதி தேவைப்படாது. மிஞ்சும் பத்தும் வினோதமாக இருக்க வேண்டாம், சப்பென்று இருக்கட்டும். நாஜி ஆவணங்களில் கொலைக்குப் பெயர் 'சிறப்புக் கையாளுகை'. ஒரு தட்டச்சர் கை நடுங்காமல் அடிக்கக் கூடிய சொல். உங்கள் அரசின் சொற்களை எல்லாம் இந்தத் தேர்வுக்கு உட்படுத்துங்கள்: மதிய இடைவேளைக்கு முன்னால் ஒரு குமாஸ்தா இதை நாற்பது தடவை எழுதிவிட்டுச் சாப்பிடப் போக முடியுமா? 'மரண ஆணையம்' என்றால் முடியாது. 'இடமாற்றப் பிரிவு' என்றால் முடியும்.

பொய்யையும் அப்படியே சின்னதாக வையுங்கள். '1984'இல் வாராந்திர சாக்லேட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைகிறது. மறுநாளே, 20 கிராமாக *உயர்த்தியதற்கு* நன்றி சொல்லி ஊர்வலம் போனதாகச் செய்தி. போர், படுகொலை எதுவும் இல்லை, பத்து கிராம் சாக்லேட். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதை விழுங்க முடிகிற மக்கள் எதையும் விழுங்குவார்கள் என்று வாசகரே கண்டுகொள்கிறார்.

கே: எதிர்ப்புச் சின்னம் ஒன்று உருவாக்க வேண்டும். என்னென்ன கவனிக்க வேண்டும்?

ப: காசு செலவாகக் கூடாது. தூரத்திலிருந்து தெரிய வேண்டும். பிடிபட்டால் "சும்மா" என்று சொல்ல வழி இருக்க வேண்டும். 'ஹங்கர் கேம்ஸ்'இன் மூன்று விரல் வணக்கம் 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தாய்லாந்துத் தெருக்களுக்கு வந்தது, 2021இல் மியான்மருக்கும் போனது. கைதான பிறகும் விரலைத் தூக்கலாம், வேறென்ன வேண்டும்? 2017இல் டெக்சாஸ் மேலவையில் பெண்கள் 'ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' கதையில் வருவதுபோல் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து பார்வையாளர் மாடத்தில் பேசாமல் உட்கார்ந்தார்கள். கூச்சல் போட்டால் வெளியேற்றலாம், சும்மா உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது? 'வி ஃபார் வெண்டெட்டா' முகமூடி கூட்டத்துக்கு ஒரே முகம் கொடுத்தது. விற்பனையாகும் ஒவ்வொரு அசல் முகமூடிக்கும் படத்தின் உரிமையாளரான பெருநிறுவனத்துக்குக் காசு போனது என்பது தனி வேடிக்கை.

கதையில் அடிக்கடி நடக்கும் தவறு: சின்னத்தைத் தலைவர் அறிவிக்கிறார். யாரோ ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்குச் செய்தது சின்னமானால்தான் நம்பும்படி இருக்கும்.

கே: எதிர்ப்பு இலக்கியம் என்றாலே பிரச்சாரம்தானே?

ப: இதை எதிர்த் தரப்பு மட்டும் கேட்கவில்லை. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல், அடிமை முறையை எதிர்த்த புகழ்பெற்ற நாவலான 'அங்கிள் டாம்ஸ் கேபின்' மீது இதே குற்றச்சாட்டை வைத்தார். நோக்கம் நல்லது என்பதற்காக மனிதர்களை வகைமாதிரிகளாக்கினால், எதிர்க்க வந்த விஷயத்தையே நாவலும் செய்கிறது என்று அவர் சொன்னதன் சாரத்தைச் சொல்லலாம். ஒரு சோதனை: ஒடுக்கப்படுபவர் உங்கள் கதையில் ஒரு முறையாவது அற்பமாக, பொறாமையோடு, சிரிப்பு வரும்படி நடந்துகொள்கிறாரா? இல்லையென்றால் அவர் இன்னும் ஆளாகவில்லை, பதாகையாகத்தான் இருக்கிறார்.

கே: சித்திரவதைக் காட்சி எத்தனை பக்கம்?

ப: அரைப் பக்கம் தாண்ட வேண்டாம். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்து ஒரு பொத்தானைப் போட முடியாமல் நிற்பதற்கு இரண்டு பக்கம் கொடுங்கள்.

கே: முடிவில் நம்பிக்கை கொடுக்க வேண்டுமா? நாயகன் தோற்றால் வாசகர்கள் திட்டுகிறார்கள், ஜெயித்தால் விமர்சகர்கள் திட்டுகிறார்கள்.

ப: நாயகன் தோற்கட்டும், ஆட்சியும் என்றாவது முடியட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் சொல்லத் தேவையில்லை. '1984'இன் வின்ஸ்டன் முழுதாக உடைந்துபோகிறான். ஆனால் நாவல் அங்கே முடியவில்லை. பின்னிணைப்பாக அரசின் புதுமொழியைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது, அது முழுக்க இறந்தகாலத்தில் இருக்கிறது. 'அந்த மொழி இப்படி *இருந்தது*.' அப்படியானால் அது ஒழிந்த பிறகு யாரோ உட்கார்ந்து சாவகாசமாக எழுதுகிறார் என்று படிப்பவர்கள் உண்டு. இலக்கண விபத்து என்பவர்களும் உண்டு. அமெரிக்க புத்தகக் கிளப் ஒன்று அந்தப் பின்னிணைப்பை வெட்டச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டார் என்பதை நினைத்தால் எங்களுக்கு முதல் கட்சிதான் சரி.

இந்த உத்தி அவருக்கும் முந்தியது. ஜாக் லண்டன் 'அயர்ன் ஹீல்' (1908) நாவலில் தோற்றுப்போன புரட்சிக்காரரின் கதைக்கு, பல நூற்றாண்டு கழித்து வாழும் ஓர் அறிஞர் அடிக்குறிப்பு எழுதுவதாக வைத்தார். அந்த ஆட்சி போய்விட்டது என்று அடிக்குறிப்பிலிருந்தே தெரிந்துவிடும்.

'ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'இல் இது இன்னும் கசப்பாக இருக்கிறது. கதைசொல்லி வண்டியில் ஏறுகிறாள், அவள் என்ன ஆனாள் என்று தெரியாது. அடுத்த பக்கம் 2195ஆம் ஆண்டுக் கருத்தரங்கம். அவளை அடக்கிவைத்த கிலியட் ஆட்சி ஒழிந்து வெகு காலம் ஆகிவிட்டது. மேடையில் ஒரு பேராசிரியர் அவளுடைய ஒலிநாடாக்களைப் பற்றி உரையாற்றுகிறார். நடுநடுவே பெண்களைப் பற்றிச் சிலேடை சொல்கிறார், அரங்கம் சிரிக்கிறது. இந்தப் பெண் தன் வேதனையைச் சொல்லாமல் தன்னை வைத்திருந்த தளபதியின் கணினியிலிருந்து ஒரு இருபது பக்கம் அச்செடுத்து வைத்திருந்தால் ஆய்வுக்கு உபயோகமாக இருந்திருக்குமே என்று குறைப்பட்டுக்கொள்கிறார். கிலியட்டைக் கண்டிப்பதில் அவசரப்பட வேண்டாம் என்றும் சொல்கிறார். கைதட்டல். நாவலின் கடைசி வரியும் அவருடையதுதான்: "ஏதாவது கேள்விகள் இருக்கின்றனவா?"